கூடலூரிலிருந்து குண்டல்பேட்டை, பத்தேரி: லைசென்ஸ் துப்பாக்கியை எல்லை தாண்டி எடுத்துப் போகலாமா?

தேவர்சோலை_12போர் கேட்டது:

வணக்கம். நீலகிரி கலெக்டர் கொடுத்த லைசென்ஸ், 12 போர் இரட்டைக் குழல், காரணம் தற்காப்பு. செல்லுபடி எல்லை என்ற இடத்தில் "தமிழ்நாடு" என்று மட்டும் இருக்கிறது. யூ.ஐ.என். (லைசென்ஸ்காரருக்குக் கொடுக்கும் தனி அடையாள எண்) வாங்கியாயிற்று, புதுப்பித்தலும் நடப்பில் உள்ளது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கர்நாடகத்தில் குண்டல்பேட்டைப் பக்கம் இஞ்சி போடப் பாட்டத்துக்கு எடுத்த நிலம் இருக்கிறது. ராத்திரியில் பன்றியும் யானையும் இறங்குகிற இடம். காவல் கொட்டகையில் படுக்கும்போது துப்பாக்கி உடன் இருக்கலாமா?

அங்கே போக, மாநில எல்லையில் இருக்கும் கக்கநல்லா செக்போஸ்ட் வழிதான். குழலைக் கழற்றி, தோட்டாவைத் தனியாக வைத்து, இரண்டையும் பூட்டி டிக்கியில் போட்டால் போதும் என்கிறார்கள். ஊர்வழி ரோடுதானே, கடந்துதானே போகிறோம் என்றும் சொல்கிறார்கள். சரியா?

அடுத்த மாதம் கேரளத்தில் சுல்தான் பத்தேரியில் மைத்துனர் வீட்டுக் கல்யாணம். வீடு நாலு நாள் பூட்டிக் கிடக்கும். துப்பாக்கியை வீட்டில் விடுவதா, கையோடு எடுத்துப் போவதா?

மலைமாவட்ட_வக்கீல் பதில்:

ஐயா, உங்கள் கேள்வியில் இரண்டு சட்டங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று ஆயுதச் சட்டம், மற்றது வனவிலங்குச் சட்டம். நான் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதைக் காடு தெரிந்தவர் யாராவது எழுதுவார்கள். உங்களுக்கு அதிக ஆபத்து அதில்தான், அதையும் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

1959 ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. அதனால் லைசென்ஸும் நாடு முழுக்கச் செல்லும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். லைசென்ஸ் எந்த மண்ணில் செல்லும் என்பதை அதில் எழுதியிருக்கும் எல்லை வரிதான் தீர்மானிக்கிறது. சிலருக்கு "நீலகிரி மாவட்டம்" என்றே இருக்கும். அவர்கள் மேட்டுப்பாளையம் இறங்கினாலே எல்லை தாண்டியவர்கள். உங்களுக்குத் தமிழ்நாடு. கக்கநல்லா ஓடையைத் தாண்டினால், பாட்டவயல் தாண்டினால், நாடுகாணியிலிருந்து வழிக்கடவுக்கு இறங்கினால் உங்கள் லைசென்ஸ் அங்கே உங்களைக் காப்பாற்றாது.

என்ன நடக்கும்? லைசென்ஸ் நிபந்தனையை மீறியதாக மட்டும் எடுத்துக்கொண்டால் 30-ஆம் பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செல்லுபடியாகும் லைசென்ஸே இல்லாமல் வைத்திருந்ததாகப் போலீஸ் எடுத்துக்கொண்டால் 3-ஆம் பிரிவும் 25(1பி)(ஏ)-வும் வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சமே இரண்டு வருடம், ஐந்து வருடம் வரை போகலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. எந்தப் பிரிவு பொருந்தும் என்ற வாதத்தைக் கோர்ட்டில் வைத்துக்கொள்ளலாம். அதுவரை துப்பாக்கி அவர்கள் கையில், நீங்கள் வேறு மாநிலத்துக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருப்பீர்கள். லைசென்ஸ் கொடுத்த கலெக்டருக்கும் தகவல் போகும். 17-ஆம் பிரிவில் நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ அவருக்கு அதிகாரம் இருக்கிறது.

நேர்வழி, எல்லையை விரிவாக்கிக் கேட்பது. என்.டி.ஏ.எல். (ஆயுத லைசென்ஸ்களின் தேசியத் தரவுத்தளம்) தளத்தில் எல்லை விரிவாக்கம் என்று தனிச் சேவை இருக்கிறது. அங்கே பதிவு செய்து, அச்செடுத்து, உதகை கலெக்டர் ஆபீஸில் ஆவணங்களோடு கொடுக்க வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன்: "இந்தியா முழுவதும்" என்று கேட்டால் ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். "கர்நாடக மாநிலம்" அல்லது "கர்நாடகம், கேரளம்" என்று பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் காரணத்தைத் தனியாக எழுதுங்கள். பாட்ட ஒப்பந்தத்தின் நகல், நிலத்தின் பஹணி (கர்நாடக நிலப் பதிவுச் சான்று), நிலத்துக்காரரின் சம்மதக் கடிதம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்ற கால அளவு, இவ்வளவும் இருந்தால் விசாரணைக்கு வரும் போலீஸார் எழுத ஏதாவது இருக்கும். "விவசாய வேலையாக அடிக்கடி போகிறேன்" என்று ஒற்றை வரியில் எழுதும் மனுக்கள்தான் திரும்பி வருகின்றன. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு.

உத்தரவு வந்ததும் அதன் நகலோடு நின்றுவிடக் கூடாது. லைசென்ஸிலேயே எல்லை வரி மாறி, கையெழுத்தும் முத்திரையும் தேதியும் விழுந்திருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள். தமிழில் மட்டும் இருக்கும் குறிப்பைக் குண்டல்பேட்டை எஸ்.ஐ. எப்படிப் படிப்பார்? அடுத்த புதுப்பித்தலின்போதும் அந்த வரி புது லைசென்ஸில் ஏறியதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். புதுப்பித்தலில் பழைய எல்லை திரும்ப வந்து, அதைக் கவனிக்காமல் வருடக்கணக்கில் எடுத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் லைசென்ஸின் காரணம் தற்காப்பு. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் என்பது வேறு. அது குறிப்பிட்ட நிலத்தோடு கட்டப்பட்டது, 13-ஆம் பிரிவின்படி பொதுவாகக் குழல் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கே கொடுப்பது. அது போதாது என்று அதிகாரி திருப்தி அடைந்தால் மட்டும் வேறு வழுவழுக் குழல் துப்பாக்கிக்குக் கிடைக்கும். தற்காப்பு லைசென்ஸோடு இஞ்சிக்காட்டில் பன்றிக்காகக் காத்திருந்தால் எல்லை சரியாக இருந்தாலும் காரணம் சரியில்லை.

தெப்பக்காடு_ஓரம் பதில்:

வக்கீல் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். இந்த மலையில் பலர் சிக்குவது இங்கேதான். துப்பாக்கி லைசென்ஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது தனிக் கதவு.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 31-ஆம் பிரிவு: தலைமை வன உயிரினக் காப்பாளரின் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரின் முன் அனுமதியை எழுத்தில் வாங்காமல் எந்த ஆயுதத்தோடும் யாரும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. 35-ஆம் பிரிவு இதைத் தேசியப் பூங்காவுக்கும் நீட்டுகிறது. மீறினால் 51-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். 2022 திருத்தத்துக்கு முன் அபராத உச்சம் 25,000-ஆக இருந்தது.

"ஊர்வழி ரோடுதானே" என்ற வாதம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? 27-ஆம் பிரிவில் சரணாலயத்துக்குள் யார் யார் அனுமதிச் சீட்டு இல்லாமல் போகலாம் என்ற பட்டியல் இருக்கிறது. பொது நெடுஞ்சாலையில் கடந்து போகிறவருக்கு அதில் இடம் உண்டு. அதனால்தான் நாம் யாரையும் கேட்காமல் மைசூருக்குப் போய் வருகிறோம். ஆனால் 31-ஆம் பிரிவில் அந்த விலக்கு கிடையாது. ஆள் போகலாம், வண்டி போகலாம், ஆயுதத்துக்கு மட்டும் எழுத்து அனுமதி வேண்டும். இரண்டு பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் சந்தேகம் இருக்காது.

குழலைக் கழற்றினால்? தோட்டாவைப் பிரித்தால்? அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்கு 2-ஆம் பிரிவில் கொடுத்திருக்கும் பட்டியலில் துப்பாக்கி, தோட்டா, கத்தி, வில் அம்பு, வலை, கண்ணி, விஷம் எல்லாமே வருகின்றன. தோட்டாவே தனியாக ஆயுதம். துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு, முன்பு வாங்கிய எல்.ஜி. (பெரிய குண்டு) தோட்டா நாலு கார் டேஷ்போர்டில் மறந்து கிடந்தாலும் அதே பிரிவுதான். கக்கநல்லாவில் வண்டி சோதனை போடும்போது முதலில் திறக்கச் சொல்வது அந்த டேஷ்போர்டையும் சீட்டுக்கு அடியையும்தான். கிளம்பும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஏர்கன் வைத்திருப்பவர்களும் கேளுங்கள். 0.177 அளவுக்குள், 20 ஜூலுக்குள் இருந்தால் ஆயுதச் சட்டத்தில் லைசென்ஸ் தேவையில்லை. சரணாலயத்துக்குள் அதுவும் ஆயுதமே.

இப்போது வழிகள். கூடலூரிலிருந்து தெப்பக்காடு, கக்கநல்லா, பந்திப்பூர், மேலுகாமனஹள்ளி என்று போனால் முதுமலை, பந்திப்பூர் என்ற இரண்டு புலிகள் காப்பகத்துக்குள்ளும் போகிறீர்கள். பத்தேரி, முத்தங்கா வழியாகச் சுற்றினால் வயநாடு சரணாலயமும் பந்திப்பூரும். மானந்தவாடி, பாவலி வழி என்றால் நாகரஹொளே. தோல்பெட்டி வழி என்றால் மறுபடி வயநாடு சரணாலயம். சத்தியமங்கலம், திம்பம், ஹாசனூர் வழியும் சரணாலயத்துக்குள்தான். நம் பக்கத்திலிருந்து மைசூர்ச் சமவெளிக்கு இறங்கும் குறுக்கு வழி எதுவும் ஆயுதத்துக்குத் திறந்ததில்லை. மிச்சம் இருப்பது கோவை, சேலம், ஓசூர், பெங்களூரு என்று நாளெல்லாம் ஓட்டும் பெரிய சுற்று. பத்தேரிக்குப் போக மட்டும் வழி இருக்கிறது: சேரம்பாடி, சோலாடி, வடுவஞ்சால் பாதையும் எருமாடு, தாளூர், சுள்ளியோடு பாதையும் ஊரும் எஸ்டேட்டுமாகப் போகும். ஆனால் அங்கே எல்லை வரியில் கேரளம் இருக்க வேண்டும்.

அனுமதி வாங்கித்தான் போக வேண்டும் என்றால் இரண்டு மாநிலத்திலும் தனித்தனியாக வாங்க வேண்டும். முதுமலைக்கு உதகையில் உள்ள கள இயக்குநர் அலுவலகத்திலும், பந்திப்பூருக்கு அங்குள்ள புலிகள் காப்பக இயக்குநரிடமும் மனு கொடுக்க வேண்டும். துப்பாக்கி வகை, எண், லைசென்ஸ் எண், யூ.ஐ.என்., எத்தனை தோட்டா, வண்டி எண், போகும் தேதி, திரும்பும் தேதி, எந்தச் செக்போஸ்டில் நுழைந்து எதில் வெளியேறுவீர்கள், காரணம். எல்லாம் மனுவில் இருக்கட்டும். இரவு 9 முதல் காலை 6 வரை பந்திப்பூர் ரோடு மூடல்; மூடும் முன்பே வெளியேறும் நேரமாக எழுதுங்கள். ஒரு பக்கத்து அனுமதியை வைத்துக்கொண்டு மறுபக்கம் போகிறவர் ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டுவார்.

இஞ்சிக்காடு பதில்:

காடு ஓரம் நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். யானை துரத்தினால் தற்காப்புக்குச் சுடலாமே என்று நினைத்துத்தான் எல்லோரும் துப்பாக்கி கேட்கிறார்கள். வனவிலங்குச் சட்டம் 11-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் அது உண்டு: தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றாலும் காயப்படுத்தினாலும் குற்றமில்லை. ஆனால் அதற்குக் கீழேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்தத் தற்காப்பு தேவைப்பட்ட நேரத்தில் அவர் இதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது. அனுமதியில்லாமல் துப்பாக்கியோடு முதுமலைக்குள் நிற்கிறார், வண்டி பழுதாகி யானை வருகிறது, சுடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியைக் கொண்டுவந்த தப்பே அவர் தற்காப்பு வாதத்தை அடைத்துவிடும். யானை அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதிகப் பாதுகாப்பு உள்ள விலங்குகளோடு இருக்கிறது. வேட்டைக் குற்றமாகப் போனால் குறைந்தது மூன்று வருடம், ஏழு வருடம் வரை. தண்டனை ஆனால் அந்த ஆயுதத்தின் லைசென்ஸை ரத்து செய்து ஐந்து வருடத்துக்குப் புது லைசென்ஸ் கூடாது என்று கோர்ட் உத்தரவிடலாம். வண்டியும் போகும்.

இஞ்சியை மிதிப்பது தற்காப்புக் கணக்கில் வராது. பயிர் சேதம் வேறு, உயிர் ஆபத்து வேறு.

கேரளத்தில் பன்றியைச் சுட பஞ்சாயத்துத் தலைவருக்கே அதிகாரம் கொடுத்திருக்கிறார்களே என்று பத்தேரிச் சொந்தக்காரர்கள் கூப்பிடுவார்கள். 2022-ல் அங்கே வந்த ஏற்பாடு அது. அனுமதி பெற்ற சுடுநர் பட்டியலில் உள்ளவர்தான் சுடலாம். தமிழ்நாட்டு லைசென்ஸோடு உதவிக்குப் போகிறவர் அந்தப் பட்டியலில் இல்லை. குடகும் அப்படியே. கொடவர்களுக்கும் ஜம்மா (குடகின் பரம்பரை நில உரிமை) நிலம் உள்ளவர்களுக்கும் லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டியது. அது அவர்களுக்கான விலக்கு. விராஜ்பேட்டை நண்பர் வீட்டுக்கு நாம் துப்பாக்கியோடு போனால் நமக்கு ஒட்டாது.

குண்டல்பேட்டை நிலத்துக்கு என் யோசனை: துப்பாக்கியை மறந்துவிடுங்கள். சூரிய மின்வேலிக்கு ஆகும் பணத்தை நிலத்துக்காரரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். நேரடி மின்சாரத்தைக் கம்பியில் விடவே விடாதீர்கள், அது ஆளையும் கொல்லும், யானையையும் கொல்லும், வழக்கும் கொலைக்குச் சமமாக வரும்.

கேத்தி_பையன் கேட்டது:

அண்ணா, நடுவில் கேட்பதற்கு மன்னியுங்கள். டெக்சாஸில் இருக்கும் அத்தை மகன், பூட்டி டிக்கியில் வைத்தால் எந்த மாநிலத்தையும் கடக்கலாம் என்கிறார். யூடியூபிலும் அதையே சொல்கிறார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லையா?

மலைமாவட்ட_வக்கீல் பதில்:

தம்பி, நல்ல கேள்வி. மேலே "பூட்டினால் போதும்" என்று ஊரில் சொல்வதற்கும் வேர் அதுதான் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் மறைத்து எடுத்துச் செல்லும் பர்மிட் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரு மாநிலத்தின் பர்மிட்டை இன்னொன்று ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். அதனால் 1986-ல் அவர்களுடைய மத்தியச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு வைத்தார்கள். கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்கக்கூடியவர், தோட்டா ஏற்றாத துப்பாக்கியை, ஓட்டுநர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, நடுவில் உள்ள மாநிலத்தைக் கடக்கலாம். டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டிக்குள், அதுவும் டேஷ்போர்டு அறை இல்லாத வேறு பெட்டிக்குள் வைக்க வேண்டும். உங்கள் அத்தை மகன் அவர் ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறார், சேரும் இடத்திலும் உரிமை வேண்டும் என்பதை விட்டுவிட்டார்.

இங்கே லைசென்ஸ் எல்லைக்கு வெளியே "கடந்து போகும் உரிமை" என்று ஒன்றும் எழுதியில்லை. பூட்டுவது பாதுகாப்புக்கு நல்லது, எல்லை வரியை அது நீட்டாது. எல்லைக்குள்ளும் 2016 ஆயுத விதிகள் பொது இடத்தில் எப்படிக் கொண்டுபோவது என்று சொல்கின்றன. கைத்துப்பாக்கி என்றால் உடம்போடு கட்டிய உறையில் அல்லது முதுகுப்பையில். நீளத் துப்பாக்கி என்றால் அதற்கென்று உள்ள உறையில். இரண்டும் முழுக்க மூடியிருக்க வேண்டும், கொண்டுபோகிறவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். தோளில் திறந்தபடி மாட்டிக்கொண்டு கூடலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பது விதிமீறல்.

பழைய_ஆர்மரி பதில்:

சட்டம் எழுதியாயிற்று. கையில் செய்ய வேண்டியதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக்குள் கோவைக்குப் பழுது பார்க்க எடுத்துப் போவதானாலும் இது பொருந்தும்.

முதலில் எண். போலீஸ் நிறுத்தினால் ஆயுதச் சட்டம் 19-ஆம் பிரிவில் லைசென்ஸைக் காட்டச் சொல்வார்கள், காட்டாவிட்டால் துப்பாக்கியைப் பிடித்து வைக்கலாம். காட்டியதும் அவர்கள் பார்ப்பது எண் ஒத்துப்போகிறதா என்பதை. இரட்டைக் குழலில் முன்கட்டையைக் கழற்றி, குழலைக் கீல் முனையிலிருந்து தூக்கினால் குழலின் அடியில் ஒரு எண் இருக்கும்; பூட்டுப் பகுதியின் தட்டையான பரப்பில் இன்னொன்று. சில பழைய துப்பாக்கிகளில் குழல் மாற்றியிருப்பார்கள், இரண்டும் ஒத்துவராது. எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு இலக்கமாகப் படியுங்கள். தேய்ந்த 3-ஐ 8 என்றும், 1-ஐ 7 என்றும் எழுதிவிடுவது சாதாரணம். பழைய புத்தகத்திலிருந்து கணினிக்கு ஏற்றியபோதும் மாறியிருக்கலாம். வித்தியாசம் இருந்தால் எங்கும் எடுத்துப் போகாமல் முதலில் கலெக்டர் ஆபீஸில் திருத்த மனு கொடுங்கள். ரோட்டில் நின்று "எழுத்துப் பிழை சார்" என்று விளக்குவது வேலைக்கு ஆகாது.

அடுத்து தோட்டா. லைசென்ஸில் ஒரே நேரத்தில் எத்தனை, வருடத்துக்கு எத்தனை என்று இருக்கும். எண்ணிப் பார்த்து, கடை ரசீதை லைசென்ஸோடு வையுங்கள். மைசூரில் கிடைக்கும் என்று அங்கே வாங்கினால், வாங்கிய நிமிடமே எல்லைக்கு வெளியே தோட்டா வைத்திருக்கிறீர்கள், திரும்பும் வழியில் சரணாலயம் வேறு. தமிழ்நாட்டுக்குள் வாங்குங்கள்.

கட்டும்போது இரண்டு அறையும் காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்து, மூன்று பாகமாகப் பிரித்து உறையில் போடுங்கள். தோட்டா வேறு பெட்டி. அசல் லைசென்ஸ் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும், உறைக்குள் போட்டுப் பூட்டாதீர்கள்.

டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்பவர்களுக்கு: 3-ஆம் பிரிவில் ஒரு சிறு விலக்கு உண்டு. பழுது பார்க்கவோ, லைசென்ஸ் புதுப்பிக்கவோ, லைசென்ஸ்காரர் பயன்பாட்டுக்கோ, அவர் முன்னிலையில் அல்லது அவருடைய எழுத்து அதிகாரத்தோடு இன்னொருவர் எடுத்துச் செல்லலாம். எழுத்து இல்லாமல் அனுப்பினால் இருவர் மீதும் வழக்கு. அந்தக் கடிதத்தில் துப்பாக்கி எண், எதற்காக, எந்தக் கடைக்கு, எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்து போடுங்கள். அதுவும் லைசென்ஸ் எல்லைக்குள்தான்.

இப்போது உங்கள் கல்யாணக் கேள்வி. எடுத்துப் போகாதீர்கள். கேரளம் உங்கள் எல்லையில் இல்லை. இருந்தாலும் திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம் எதற்கும் தனி அனுமதியில்லாமல் கொண்டுபோகக் கூடாது என்று லைசென்ஸ் நிபந்தனையே சொல்கிறது. கல்யாண வீட்டில் யாராவது உற்சாகத்தில் வானத்தை நோக்கி வெடித்தால் 25(9): இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பூட்டிய வீட்டில் விடவும் மனமில்லை என்றால் உங்கள் சரகப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ரசீதில் எண்ணும், எத்தனை பாகம் என்பதும், தோட்டா எண்ணிக்கையும், இப்போது துருவோ கீறலோ இருக்கிறதா என்பதும் எழுதியிருக்கட்டும். நம் மலை ஈரத்துக்கு நாலு நாளே போதும். குழலுக்குள் எண்ணெய்த் துணி ஓட்டி, வெளியே மெல்லப் பூசி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள். தோல் உறைக்குள் வைத்தே கொடுத்தால் தோல் ஈரத்தை இழுத்து அந்த இடத்தில் துரு கட்டும். பிளாஸ்டிக் கவர் அதைவிட மோசம்.

கொடைமலை பதில்:

பழனி மலைப் பக்கத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னரே லைசென்ஸ் வைத்திருந்த பல எஸ்டேட்காரர்கள் வனவிலங்குச் சட்டத்தின் 34-ஆம் பிரிவைக் கவனிக்கவில்லை. சரணாலயத்துக்குள்ளோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருந்து ஆயுத லைசென்ஸ் வைத்திருப்பவர், சரணாலயம் அறிவித்த மூன்று மாதத்துக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்ள மனு கொடுக்க வேண்டும். அந்தச் சுற்றளவுக்குள் புது லைசென்ஸ் கொடுக்கவும் அவருடைய முன் இசைவு வேண்டும். மேலே பூம்பாறை, மன்னவனூர், கீழே அடிவாரத் தோட்டங்கள் எல்லாரும் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸில் புதுப்பித்தலின்போது வனத்துறைப் பதிவு கேட்டால் அப்போது ஓட வேண்டியிருக்கும்.

கூடலூர், மசினகுடி நண்பர்களே, முதுமலை உங்களுக்கு எவ்வளவு தூரம் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா?

தேவர்சோலை_12போர்:

எல்லாருக்கும் நன்றி. அப்பா காலத்து லைசென்ஸ் என் பெயருக்கு வந்தது, வனத்துறைப் பதிவு இருப்பதாகவே தெரியவில்லை, நாளையே விசாரிக்கிறேன். கல்யாணத்துக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுகிறேன். ஒன்று மட்டும்: கேரளத்தையும் கர்நாடகத்தையும் எல்லையில் சேர்த்து வாங்கிவிட்டால், அதன்பிறகு பத்தேரியில் ஒரு மாதத்துக்கு மேல் தங்க வேண்டி வந்தால் ஏதாவது செய்ய வேண்டுமா? தேர்தல் சமயத்தில்?

மலைமாவட்ட_வக்கீல் பதில்:

30 நாளுக்கு மேல் வேறு இடத்தில் தங்கி, ஆயுதமும் உடன் இருந்தால், மாறிய 30 நாளுக்குள் இரண்டு இடத்துக்குத் தகவல் எழுத வேண்டும்: லைசென்ஸ் கொடுத்த அல்லது கடைசியாகப் புதுப்பித்த அதிகாரிக்கு, புதிதாகத் தங்கும் இடத்தின் லைசென்ஸ் அதிகாரிக்கு. பத்தேரி என்றால் வயநாடு கலெக்டர். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகைச் சீட்டை லைசென்ஸோடு வையுங்கள்.

தேர்தல் நேரத்தில் இங்கே நம் கலெக்டர் உத்தரவு போட்டால் ஒப்படைப்பது உங்களுக்குத் தெரியும். எல்லை விரிவாக்கம் வாங்கியவர்கள் கவனிக்காமல் விடுவது, பக்கத்து மாவட்டத்து உத்தரவும் அங்கே நுழைந்ததும் உங்களைக் கட்டும் என்பதை. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் சட்டமன்றத் தேர்தல் ஒரே பருவத்தில் வருகிறது, 2021-ல் போல. கர்நாடகத்தின் கணக்கு வேறு. அங்கே 2023 மே மாதம் நடந்தது. அந்த மாதிரிச் சமயம் நீலகிரியில் எந்தத் தடையும் இருக்காது, சாமராஜநகரில் பறக்கும் படை ரோட்டில் நிற்கும். கிளம்பும் முன் சாமராஜநகர் அல்லது வயநாடு கலெக்டர் உத்தரவு ஏதாவது நடப்பில் இருக்கிறதா என்று அங்குள்ள போலீஸ் ஸ்டேஷனில் போன் போட்டுக் கேளுங்கள். உள்ளாட்சித் தேர்தல், இடைத்தேர்தலும் இதில் சேர்த்தி.

வழியில் துப்பாக்கியோ தோட்டாவோ தொலைந்தால் ஊருக்குத் திரும்பி வந்து சொல்லலாம் என்று இருக்க வேண்டாம். தொலைந்த இடத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனில் அப்போதே எழுத்தில் கொடுத்து, புகார் பெற்றதற்கான ரசீது (நம் ஊரில் சி.எஸ்.ஆர்.) வாங்கி, உதகைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அப்பா பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாறிய உத்தரவின் நகலையும் அந்தக் கோப்பிலேயே வையுங்கள். வனத்துறையில் பதிவு செய்யப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.